ஒட்டுவதற்கு முன் பிரிக்கச் சொல்லிக்கொடுப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக் கண்காட்சி நெருங்கிவிட்டால் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் ஸ்டேஷனரி கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். விலங்குப் படத் தாள், கலர் சார்ட், ஸ்கெட்ச் பேனா என்று வியாபாரம் நடக்கும். பக்கத்து பிரவுசிங் சென்டரில் "வரையாடு ப்ராஜெக்ட் ஒண்ணு" என்று கேட்டால் நான்கு பக்கம் அச்சாகி வந்துவிடும். அம்மா வெட்டுவார், அண்ணன் ஒட்டுவான், பிள்ளை கீழே தன் பெயரை எழுதும். இதற்குப் பெற்றோரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் தகவல் தாள் செய்துவரச் சொல்கிற பள்ளிகள், தகவலை எப்படி அடுக்குவது என்று ஒரு பாடவேளையாவது ஒதுக்கிச் சொல்லிக்கொடுப்பதில்லை. அதற்கு ஆறு பாடவேளை போதும். எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிறோம். தகவல் தாளை அப்படி யாரும் படிப்பதில்லை. பஸ் நிலையத்தில் நேர அட்டவணைப் பலகையை அண்ணாந்து பார்க்கிறவர் தன் ஊர்ப் பெயரை மட்டும் தேடுகிறார், கிடைத்ததும் போய்விடுகிறார். தகவல் தாளும் தேடுவதற்கென்றே அடுக்கப்படுவது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, காட்டினால் போதும்.

காட்டுவதற்கு நம் மலையில் கைக்கெட்டும் பொருள் கேரட் விதைப் பொட்டலம். தோட்ட வேலை நடக்கும் வீடுகளில் காலிப் பொட்டலம் கிடைக்கும். (விதைக்கு மருந்து தடவியிருப்பார்கள். காலியானதையே வாங்கி, துடைத்து, கண்ணாடித்தாள் உறையில் போட்டுக் கொடுங்கள்.) அதன் முதுகில் பயிரின் பெயர், ரகம், குவியல் எண், பரிசோதித்த நாள், எந்தத் தேதிவரை செல்லும், முளைப்புத்திறன் இத்தனை சதவீதம், எடை என்று எல்லாம் தனித்தனி வரியில் இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், பரவாயில்லை. "எத்தனை கிராம்?", "எந்தத் தேதிவரை விதைக்கலாம்?", "நூறு விதை போட்டால் எத்தனை முளைக்கும்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகூட விரலை வைத்துக் காட்டிவிடும். பெயர் இடது பக்கம், விவரம் வலது பக்கம், ஒரு வரிக்கு ஒரு விவரம் என்ற அமைப்பே அதற்கு வழி காட்டுகிறது. அதே விவரங்களை ஒரே பத்தியாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, அதே மூன்று கேள்விகளைக் கேட்டால் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். முதல் பாடவேளை இதோடு முடிந்தது.

இரண்டாவது, மூன்றாவது பாடவேளைகளில்தான் உண்மையான வேலை. பெரும்பாலான வகுப்புகளில் 'தோற்றம், உணவு, வாழிடம், இனப்பெருக்கம்' என்று தலைப்புகளை முதலிலேயே கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளை நிரப்பச் சொல்கிறார்கள். கட்டம் நிரம்பிவிடும். ஆனால் எந்தத் தகவல் எதோடு சேரும் என்று பிள்ளை ஒருமுறைகூட யோசித்திருக்காது. தலைப்பு கடைசியில் வர வேண்டும். முதலில் சீட்டுகள்.

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 20 துண்டுச் சீட்டுகள், 5 பழைய தபால் உறைகள் வேண்டும். ஏ-4 தாளை எட்டாக மடித்துக் கிழித்தால் ஒரு சீட்டின் அளவு சரியாக இருக்கும். ஒரு சீட்டில் ஒரே ஒரு தகவல். பொருளாகக் காட்டுமாட்டை எடுத்துக்கொள்ளலாம். தேயிலைத் தோட்டத்திலும் தெருவிலும் பிள்ளைகள் அன்றாடம் பார்க்கிற விலங்கு என்பதால் எழுதியிருப்பது சரியா என்று கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டுக்கொள்ள முடியும். சீட்டுகளில் இப்படி எழுதலாம்: முட்டிக்குக் கீழே கால் வெள்ளையாக இருக்கும். காளைக்கும் பசுவுக்கும் கொம்பு உண்டு. புல்லும் இலையும் தின்னும். ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு கன்றுதான். சினைக்காலம் சுமார் 9 மாதம். முதிர்ந்த காளை தனியே திரியும். புலி இதை வேட்டையாடும். வளர்ந்த காளை 1,000 கிலோ எடையைத் தொடலாம்.

இப்படி 17 சீட்டு. மீதி மூன்றை வேண்டுமென்றே கலந்துவிடுங்கள். 'காட்டுமாடு மாமாவைத் துரத்தியது' என்று ஒன்று, 'காட்டுமாடு ரொம்ப அழகு' என்று ஒன்று, 'செங்குத்தான பாறைச் சரிவில் தாவி ஏறும்' என்று ஒன்று. முதலாவது ஒரு நாள் நடந்த சம்பவம். இரண்டாவது ஒருவரின் எண்ணம். மூன்றாவது வரையாட்டுக்கு உரியது. இந்த மூன்றையும் பொறுக்கி வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பாறைச் சீட்டை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அழகுச் சீட்டுதான் சண்டையைக் கிளப்பும். "அழகாத்தான சார் இருக்கு?" என்று கேட்பார்கள். இன்னொருவருக்கு அது பயமாகத் தெரியுமே என்று கேட்டால், இது அளந்து பார்க்க முடியாத சங்கதி என்று புரிந்துகொள்வார்கள்.

பிறகு மீதி 17 சீட்டுகளை உறைகளில் பிரிக்க வேண்டும். உறைமேல் இன்னும் எதுவும் எழுதக் கூடாது. இங்கே வழக்கமாக இரண்டு தவறுகள் வரும். ஒன்று, எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு 'பொது' என்பார்கள். 6 சீட்டுக்கு மேல் ஓர் உறையில் இருந்தால் அதை உடைக்க வேண்டும் என்று விதி வையுங்கள். இன்னொன்று, ஒரு சீட்டுக்கு ஓர் உறை கேட்பார்கள். இரண்டுக்குக் குறைவாக இருந்தால் துணை தேட வேண்டும், கிடைக்காவிட்டால் அந்தச் சீட்டைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அது பின்னால் பெட்டிச் செய்திக்கு உதவும். 'தேயிலைத் தோட்டத்துக்குள் மேய வரும்' என்ற சீட்டு எந்த உறைக்குப் போகும்? வாழிடமா, உணவா, மனிதரோடு உள்ள உறவா? மூன்றுமே பொருந்தும். பள்ளி ஆசிரியர் விடை சொல்லிவிடாமல், ஏன் அங்கே வைத்தோம் என்று குழுவையே ஒரு வாக்கியத்தில் சொல்ல வையுங்கள். காரணம் சரியாக இருந்தால் எந்த உறையும் சரிதான்.

பிரித்து முடித்த பிறகு உறைக்குப் பெயர் வைக்கலாம். மூன்றாம் வகுப்புக்குக் கேள்வியாகவே தலைப்பு இருக்கட்டும்: 'என்ன தின்னும்?', 'எங்கே இருக்கும்?' ஐந்தாம் வகுப்பு 'உணவு', 'வாழிடம்' என்று ஒரே சொல்லுக்கு வரலாம். வைத்த பெயர் சரியா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு சீட்டுகளை மட்டும் பக்கத்துக் குழுவிடம் காட்டுங்கள். அவர்கள் தலைப்பை ஏறக்குறைய ஊகித்துவிட்டால் பகுதி உறுதியாக நிற்கிறது. ஊகிக்க முடியாமல் திணறினால் ஒன்று சீட்டு தவறான இடத்தில் இருக்கிறது, அல்லது தலைப்பு தளர்வாக இருக்கிறது. 'காட்டுமாட்டைப் பற்றி' என்று உள்தலைப்பு வைக்கும் குழு இந்தச் சோதனையில் தானாகவே மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் அது எல்லா உறைக்கும் பொருந்தும்.

பெயர் பற்றி இங்கே ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்தில் இதைக் காட்டெருமை என்றும் சொல்கிறோம். வீட்டில் செல்போனை வாங்கி அந்தப் பெயரைத் தட்டினால் அசாமின் சதுப்புப் புல்வெளிகளில் வாழும் உண்மையான காட்டெருமையும் வரும், தலையிலும் தோளிலும் சடை தொங்கும் அமெரிக்க பைசனும் வரும். கடையில் வாங்கும் படத் தாளிலும் பல நேரம் அந்தச் சடை விலங்குதான் இருக்கிறது. நம் மலையில் திரிவது மாட்டினம், எருமையினம் அன்று. படத்தை ஒட்டுவதற்கு முன் கால் வெள்ளையா என்று பார்க்கச் சொன்னாலே பாதித் தவறு நின்றுவிடும்.

நான்காவது பாடவேளையில் சீட்டுகளை வாக்கியமாக்க வேண்டும். முதல் வாக்கியத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். 'காட்டுமாடு ஒரு விலங்கு' என்று எழுதி நிறுத்துவார்கள். எது, எந்த இனம், எதனால் தனித்துத் தெரிகிறது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'காட்டுமாடு, காட்டில் மந்தையாக வாழும், வெள்ளைக் கால்கள் உடைய பெரிய மாட்டினம்.' இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டுத் தாளை மூடுகிறவருக்கும் ஏதோ கிடைத்திருக்கும்.

வினைச்சொல் விஷயத்தில் நம் மொழி நமக்குப் பெரிய உதவி செய்கிறது. ஆங்கில வழிகாட்டிகளில் தகவல் தாளை நிகழ்காலத்தில் எழுதச் சொல்வார்கள். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து 'தின்கிறது, வாழ்கிறது' என்று எழுதவைக்கிறோம். பன்மை வந்தால் 'தின்கின்றன' என்று மாற்ற வேண்டும், பிள்ளைகள் மறந்துபோய் 'காட்டுமாடுகள் தின்கிறது' என்று எழுதிவிடுவார்கள். எப்போதும் நடப்பதைச் சொல்ல நாம் பேச்சிலேயே 'உம்' ஈற்றைத்தானே பயன்படுத்துகிறோம்? காட்டுமாடு புல் தின்னும். காட்டுமாடுகள் புல் தின்னும். ஒருமையிலும் பன்மையிலும் வினை மாறுவதேயில்லை. 'தின்றது, துரத்தியது' என்று வந்தால் அது சம்பவம், அந்த வரி கதை நோட்டுக்குப் போகட்டும். இந்த ஒரு விதியைச் சொன்னாலே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாக்கியப் பிழைகளில் பெரும்பகுதி குறையும்.

பார்த்து எழுதுவதைத் தடுக்க: படி, மூடு, பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல், பிறகு எழுது. புத்தகம் திறந்திருக்கும்போது சீட்டில் 4 சொல்லுக்கு மேல் குறிக்கக் கூடாது.

எண்களுக்குத் தனியாக அரை மணி நேரம் வேண்டும். 'தொட்டபெட்டா 2,637' என்று மட்டும் எழுதினால் மீட்டரா, அடியா? 'தமிழ்நாட்டில் வரையாடுகள் 1,031' என்று ஒரு பிள்ளையும் 1,303 என்று இன்னொரு பிள்ளையும் எழுதிவந்து சண்டை போட்டால் இருவரும் சரிதான். முன்னது 2024 கணக்கெடுப்பு, பின்னது 2025. ஆகவே உயரம், எடை, தொலைவு எதுவானாலும் அலகு வேண்டும். எண்ணிக்கை மாறக்கூடியதென்றால் ஆண்டும் வேண்டும்.

பெரிய எண் பிள்ளையின் மனதில் நிற்க வேண்டுமென்றால் முற்றத்துக்கு இறக்கிக் காட்ட வேண்டும். மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கி.மீ., 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள், 1899-இல் குன்னூர்வரை, 1908-இல் உதகைவரை, 2005-இல் யுனெஸ்கோ பட்டியல் என்று ஒரே பத்தியில் கொட்டிவிட்டால் எதுவும் தங்காது. ஆண்டுகளை ஒரு காலக்கோட்டில் வரிசையாக வைக்கலாம், எண்ணிக்கைகளை ஒரு சிறு அட்டவணையில் வைக்கலாம். கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதை ஏறத்தாழ 12-க்கு 1 என்ற சரிவு என்பதை, 12 அடி நீளப் பலகையின் ஒரு முனையை ஓர் அடி தூக்கி வைத்துக் காட்டலாம். அதில் ஒரு பொம்மை வண்டியை வைத்தால், சாதாரணச் சக்கரத்துக்குப் பதிலாகப் பல்சக்கரம் எதற்கு என்ற கேள்வி பிள்ளையிடமிருந்தே வரும். அந்தக் கேள்விதான் அடுத்த உள்தலைப்பு.

படம் ஐந்தாவது பாடவேளை. பாகம் குறிக்கும் கோடு அளவுகோல் வைத்துப் போட வேண்டும், முனை பாகத்தைத் தொட வேண்டும், கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது, சொற்கள் படத்துக்கு வெளியே படுக்கைவாக்கில் இருக்க வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் 'கொம்பு' என்பதைக் கொம்பின் மேலேயே எழுதிவிடுவார்கள். படக்குறிப்பில் 'படம்: காட்டுமாடு' என்பது வீண். பார்த்தாலே தெரிவதை எழுதி என்ன பயன்? 'முட்டிக்குக் கீழே காலுறை போட்டதுபோல் வெள்ளை' என்றால் படிக்கிறவர் திரும்பவும் படத்தைப் பார்ப்பார். 'தெரியுமா?' பெட்டிக்கு ஒரே தகவல்தான், அதுவும் தனியே எடுத்து வைத்த சீட்டிலிருந்து. என்ன தின்னும் என்பதைப் பெட்டியில் போட்டுவிட்டு உணவுப் பகுதியைக் காலியாக விட்டால் அது அடுக்குப் பிழை.

ஆறாவது பாடவேளையில் அருஞ்சொற்பொருள். ஐந்து சொல் போதும். 'மாடு', 'புல்' என்று எழுதி எண்ணிக்கையை நிரப்புவார்கள். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைக்குப் புரியாத சொல் எது என்று கேளுங்கள். சமவெளிக்காரருக்குச் சோலை என்றால் பூஞ்சோலை. நமக்கோ, புல்வெளி மலைகளின் மடிப்பில் நீரோடையை ஒட்டி அடர்ந்து நிற்கும் குட்டை மரக் காடு. ஆகவே சோலைக்கு விளக்கம் வேண்டும். படுகர் ஊரை ஹட்டி என்கிறோம், தோடர் ஊரை மந்து என்கிறோம். தாளில் அந்தச் சொற்கள் வந்தால் அவற்றுக்கும் விளக்கம் வேண்டும். விளக்கத்தில் அதே சொல் திரும்ப வரக் கூடாது ('சோலை: சோலையாக இருக்கும் இடம்'). குளம்பு, சினை, சோலை, தாவர உண்ணி, ஹட்டி என்று அகர வரிசையில் அடுக்குவதற்கு மட்டும் இருபது நிமிடம் ஆகும். எழுத்துகளை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் 'சி'-க்குப் பிறகு 'சோ', ஹட்டி எல்லாவற்றுக்கும் கடைசி என்பது செய்துபார்த்தால்தான் பிடிபடும்.

சார்ட்டே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. மழைக்காலத்தில் நம் ஊரில் பசை காய்வதில்லை, மூடுபனியில் சார்ட் தொய்ந்து மறுநாளே சுவரிலிருந்து கழன்று தொங்கும். ஓர் ஏ-4 தாளை எட்டுக் கட்டமாக மடித்து, நடுமடிப்பில் இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் கத்தரித்து, குவித்து மடக்கினால் பசையே இல்லாமல் 8 பக்கச் சிறு நூல் கிடைக்கும். அட்டை ஒன்று, பொருளடக்கம் ஒன்று, உள்தலைப்புகளுக்கு நான்கு, பாகம் குறித்த படத்துக்கு ஒன்று, அருஞ்சொற்பொருளுக்கு ஒன்று. பக்க எண் போட்ட பிறகுதான் பொருளடக்கம் எழுத வேண்டும். முன்பே எழுதிவிட்டு அழிக்கும் பிள்ளைகள் உண்டு. செலவு ஒரு தாள்.

ஒரே அறையில் மூன்று வகுப்புகளை வைத்து நடத்தும் ஈராசிரியர் பள்ளிகள் நம் மாவட்டத்தில் நிறைய. அங்கே இது இன்னும் எளிது. மூன்றாம் வகுப்பு சீட்டுகளைப் பிரிக்கட்டும், நான்காம் வகுப்பு தலைப்பு வைத்து வாக்கியமாக்கட்டும், ஐந்தாம் வகுப்பு பொருளடக்கமும் அருஞ்சொற்பொருளும் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் படுகு, மலையாளம், பணியர் மொழி பேசும் பிள்ளைகள் விலங்கின் வீட்டுப் பெயரையும் அருஞ்சொற்பொருளில் சேர்க்கலாம்.

மதிப்பெண் போடுவதற்கும் அலங்காரத்தைப் பார்க்க வேண்டாம். நூலை வேறு குழுவிடம் கொடுத்து, "எத்தனை கன்று ஈனும்?" என்று கேளுங்கள். பத்து எண்ணுவதற்குள் விரல் சரியான பக்கத்துக்குப் போகிறதா? மூன்று கேள்வியில் இரண்டுக்குப் போனால் தேறிவிட்டது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தை வகுப்பில் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்கிறோம். அதில் விலங்குகளைப் பற்றி வரும் அறிமுகங்கள் பெரும்பாலும் ஒரே நீளப் பத்தியாக இருக்கின்றன. இரண்டு உள்தலைப்பு, எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஆண்டு, படத்துக்குக் கீழே ஒரு வரி இருந்தால் அந்தப் பக்கத்தையே மாதிரியாக வைத்துப் பிள்ளைகளை எழுதவைக்க முடியும். காட்டுமாட்டைப் பற்றி எழுதும் வாரத்தில் தயவுசெய்து சடை இல்லாத படமாகப் பார்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.